துயருறும் துப்பறிவோர்

மக்கள் தாம் அடைய விரும்பாத துன்பத்தைப் பிறர்பால் வைத்துக் காண விரும்புவர் என்பது அறிஞர் தொன்றுதொட்டு வியந்து கூறிவரும் உண்மையாகும். தன் இல்லத்தில் ஒருவர் இறந்தால் உணவும் கொள்ளாதவன், கூத்துக் களத்தில் ஒருவன் இறக்கக் கண்டு கண்ணீர் சொரிந்து, மனநிறைவோடு வீடு திரும்புகின்றான். இவ்வியல்பு இந்நாளில் ஒரு புதிய வடிவம் கொண்டுள்ளது. டென்மார்க்கு, சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து முதலிய வடபுல நாடுகளில் எழுந்த கொலைத் துப்பு நாடகங்களை உலகின் பல பகுதி மக்களும் கண்விழித்துக் காண்கின்றனர். நம் கல்லூரி விடுதியிலும் இவற்றைக் காணாதார் சிலரே. மழையும் பனியும் இருளும் மூடிய ஊர். அங்கே இளம்பெண் ஒருத்தியின் சடலம். அதனை ஆராயப் புகும் துப்பறிவோரோ நகை மறந்தவர், உறக்கம் இழந்தவர், இல்வாழ்வில் தோல்வியுற்றவர். இத்தகைய கதையில் இனிமை யாது? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவர் எம் பெரியப்பா ஆவர். சென்ற மே திங்களில், கீழ்பென்னாத்தூரில் வெயில் பாறையைப் பிளக்கும் ஒரு நண்பகலில், மின்சாரம் நின்று விசிறியும் ஓய்ந்திருக்க, யாமும் எம் தங்கையரும் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்தமர்ந்து கோபன்ஹேகன் நகரத்து மழையையும் இருளையும் கண்டுகொண்டிருந்தோம். வாயிற்படியில் அமர்ந்து விதைக்கு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த அப்பெரியவர், சிறிதுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, “நாள்தோறும் செய்தித்தாளில் வரும் கொலை போதாதென்றா, அம்மா, பணங்கொடுத்து வெளிநாட்டுக் கொலையையும் வரவழைக்கின்றீர்கள்?” என்று வினவினார். தங்கையர் நகைத்தனர். எமக்கு விடை தோன்றவில்லை. பல திங்கள் கழிந்தபின் தோன்றிய விடையையே இங்கு எழுதுகின்றோம்.

டென்மார்க்கு நமக்கு முற்றிலும் அயல்நாடன்று. அந்நாட்டு மன்னர் நான்காம் பிரெடரிக்கு விடுத்த சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய ஆண்டு 1706. அவர் உழைப்பால் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி 1715இல் முற்றுப்பெற்றது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த டேனிஷ் மிஷன் ஊழியர் நம் ஆர்க்காட்டுப் பகுதிகளிற் பள்ளியும் மருத்துவமனையும் நிறுவினர். ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை அவ்வூழியத்தின் கனியாகும். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் உள்ளது. அந்நாட்டார் கொணர்ந்த நற்செய்தியை நம் பாட்டனார் கேட்டனர். அவர் விடுக்கும் துயர்ச்செய்தியை நாம் காண்கின்றோம். இவ்விரண்டிற்கும் ஒரு தொடர்பு உண்டென்பது எம் கருத்து. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

முதற்கண் இந்நாடகங்களின் பிறப்பைச் சுருங்க அறிதல் வேண்டும். சுவீடன் நாட்டில் மை ஷோவால், பெர் வாலோ என்னும் வாழ்க்கைத் துணைவர் இருவர், 1965 முதல் 1975 வரை பத்துத் துப்பறியும் புதினங்களை இணைந்து எழுதினர். அவற்றின் தலைவன் மார்ட்டின் பெக் என்னும் காவல் அதிகாரி. அவன் வயிற்றுநோயும் சளியும் உடைய எளிய மனிதன். ‘எல்லார்க்கும் நலம் செய்யும் அரசு’ என்று புகழப்பட்ட தம் நாட்டில் எவர் கைவிடப்பட்டனர் என்று வினவுதற்கே அவ்விருவரும் கொலைக் கதையைக் கருவியாகக் கொண்டனர். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, திரைப்படம் கண்டு மனைவியுடன் நடந்து திரும்பிய சுவீடன் தலைமை அமைச்சர் ஓலோஃப் பால்மே, ஸ்டாக்ஹோம் நகரத் தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 34 ஆண்டுகள் நீடித்த விசாரணை, ஐயத்திற்குரியவர் இறந்துவிட்டார் என்று 2020இல் மூடப்பட்டது. தீர்வுபெறாத கொலை ஒரு நாட்டின் நெஞ்சில் எத்துணைக் காலம் கிடந்து உறுத்தும் என்பதனை அந்நாட்டார் நூல்களினின்று அன்றித் தம் தெருவினின்றே கற்றனர். 1991இல் ஹென்னிங் மான்கெல் படைத்த வாலண்டர் என்னும் துப்பறிவோன், இக்கவலை முழுவதையும் தன் தோளிற் சுமந்து ஈஸ்டாட் என்னும் சிற்றூரில் உலவுகின்றான்.

இவ்வழியில் 2007இல் டென்மார்க்கு வானொலி தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பிய தொடரே, ஆங்கிலத்தில் ‘தி கில்லிங்’ என வழங்குவது. நான்னா பிர்க் லார்சன் என்னும் 19 வயதுப் பெண் கொல்லப்படுகின்றாள். 20 பகுதிகளில், பகுதிக்கு ஒரு நாளாக, அவ்வொரு கொலையின் 20 நாள்கள் காட்டப்படுகின்றன. துப்பறியும் சாரா லுண்டு ஒரே கம்பளிச் சட்டையோடு உலவுகின்றாள். தன் மகனையும் மறக்கின்றாள். ஆயினும் எம்மைக் கவர்ந்தது அவள் மட்டுமன்று. வீட்டுப் பொருள்களை வண்டியேற்றி இடமாற்றும் தொழில் செய்யும் நான்னாவின் தந்தையும், அவள் தாயும், சமையலறையிற் பேச்சற்று நிற்கும் நெடுங்காட்சிகளே எம் நெஞ்சை விட்டு நீங்காதவை. பிற கதைகளிற் சடலம் கிடைத்தவுடன் பெற்றோர் ஒருமுறை அழுது மறைவர். இங்கோ அவர் 20 பகுதியும் நம்மோடு இருக்கின்றனர். கொலையுண்டவள் நம் வயதினள் என்பதும் எமக்கு ஒரு காரணமாதல் கூடும்.

தமிழுக்குத் துப்பறியும் கதை புதிதன்று. நம் மாவட்டத்து ஆரணியிற் பிறந்த குப்புசாமி முதலியார், ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழிற் பெருந்தொகையான நாவல்களை இயற்றினார். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ‘இராஜாம்பாள்’ எழுதித் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகம் செய்தார். தேவன் படைத்த சாம்பு தன் அறியாமையாலேயே வெற்றி கொள்வான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்துவான், தோல்வியை அறியான். இவர்களை யாம் இகழ்வோமல்லோம். எம் பாட்டியார் கண்மங்கிய காலத்தும் சாம்புவின் பெயர் கேட்டால் நகைப்பார். ஆயின் இவர்களுள் எவரும் இறந்தாரை எண்ணி ஓர் இரவேனும் உறக்கமின்றிக் கிடந்ததாக யாம் படித்ததில்லை. அக்கதைகளிற் சடலம் ஒரு புதிர். புதிர் அவிழ்ந்தால் கதை முடியும்.

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் கண்ட எண்வகை மெய்ப்பாட்டால் விளக்கலாம். பழைய துப்பறியும் கதையை ஆள்வன மருட்கையும் பெருமிதமும் ஆம். ‘இவன் எங்ஙனம் கண்டுபிடித்தான்!’ என்னும் வியப்பே அதன் உயிர். வடபுல நாடகத்தை ஆள்வதோ அழுகை. இகழப்படுதல், இழத்தல், தன் நிலையினின்று தளர்தல், வறுமையுறுதல் என்னும் நான்கும் அழுகைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டுள்ளன. இந்நான்கும் அந்நாடகங்களில் நிரம்பியுள்ளமை காண்க. அன்றியும், தன் துன்பத்தால் தான் அழுவதும், பிறர் துன்பங்கண்டு அழுவதும் என அழுகையை இருவகையாக்கி, பின்னதனைக் கருணை என்பர் உரைகாரர். துப்பறிவோரின் துயரம் இப்பின்னைய வகையினது. தமக்கு உறவல்லாத ஒருத்திக்காக அவர் துயருறுகின்றனர். அவர் முகவாட்டத்தை மனநோய் என்று சிலர் கூறுவர். யாம் அதனைக் கருணை என்போம். இக்கருணையே நம்மை ஈர்ப்பது. பனியும் பாலமும் அன்று.

இதனை மறுப்பார், “வேற்று நாட்டின் காட்சிப் புதுமையே நும்மை மயக்கியது” என்பர். அங்ஙனமாயின் அதே வகை நாடகம் நம் மண்ணில் எழுந்தபோது அது சுவையற்றுப் போயிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது வேறு. 2011இல் மிஷ்கின் இயக்கிய ‘யுத்தம் செய்’ என்னும் திரைப்படத்தில், காணாமற்போன தங்கையின் துயரை உள்ளடக்கிக்கொண்டு கொலை வழக்கை ஆராயும் அதிகாரியாகச் சேரன் நடித்தார். அப்படத்தில் அவர் நகைத்துப் பேசும் இடம் அரிது. 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் புஷ்கர்–காயத்ரி எழுதிய ‘சுழல்’ என்னும் எட்டுப் பகுதித் தொடர் வெளிவந்தது. சாம்பலூர் என்னும் கற்பனை மலையூர். எரிந்துபோன சிமெந்துத் தொழிற்சாலை. காணாமற்போன நிலா என்னும் சிறுபெண். இவற்றினூடே மயானக் கொள்ளைத் திருவிழா நாளுக்கு நாள் வளர்ந்து செல்கின்றது.

மயானக் கொள்ளை எம்மூரார்க்கு வெறுங்காட்சியன்று. எம்மூரினின்று நெடுந்தொலைவு செல்லாமலே அடையத்தக்க மேல்மலையனூரில், மாசித் திங்களில், சிவராத்திரியை அடுத்த அமாவாசையன்று அங்காளம்மன் திருவிழா நடைபெறும். அந்நாளில் எம்மூர்ப் பேருந்துகளில் நிற்க இடமிராது. முகத்தில் வண்ணந்தீட்டி, எலுமிச்சை மாலை அணிந்து செல்வாரைச் சிறுபருவத்தில் யாம் அச்சத்தோடு கண்டதுண்டு. கிறித்தவக் குடும்பத்தினராகிய யாம் அவ்விழாவிற் கலந்துகொள்வதில்லை. ஆயினும், சுடுகாட்டையே திருவிழாக் களமாக்கி, இறப்பின் எதிரே முழவு கொட்டி நிற்கும் அம்மக்களின் துணிவு, கோபன்ஹேகன் இருளினும் ஆழமான இருளைக் கண்டதொன்று என்பதனைச் ‘சுழல்’ கண்டபோதுதான் உணர்ந்தோம். இருள் வடபுலத்தார்க்கே உரியதன்று. வெயில் எறிக்கும் ஊரிலும் வீட்டின் உள்ளறை இருண்டிருத்தல் கூடும் என்பதே அத்தொடர் உணர்த்தும் பொருள். முடிவைக் கூறிக் காண்பார் ஆர்வத்தைக் கெடுக்க விரும்பிலம்.

அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த ‘வதந்தி’ எம்மை இன்னும் வருத்தியது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய அத்தொடர் குமரி நாட்டில் நிகழ்வது. வெலோனி என்னும் ஆங்கிலோ–இந்திய இளம்பெண் இறந்து கிடக்கின்றாள். அவளைப் பற்றி ஊரார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு வெலோனி பிறக்கின்றாள்; மெய்யான வெலோனியைக் கேட்பார் இல்லை. எஸ். ஜே. சூர்யா நடித்த விவேக் என்னும் காவல் உதவி ஆய்வாளன் மட்டும், தன் மனையறம் குலைவதையும் பொருட்படுத்தாது, அவள் யார் என்று தேடி அலைகின்றான்.

இவ்விடத்தில் எம் குற்றம் ஒன்றனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். யாம் பள்ளியிற் பயின்ற நாளில், எமக்கு ஒரு வகுப்பு மூத்தவளாகிய பெண்ணொருத்தி, கோடை விடுமுறை முடியுமுன் ஒரு வயற்கிணற்றில் இறந்து கிடந்தாள். பள்ளி திறந்தபோது அவள் இருக்கை வெறுமையாயிருந்தது, கதைகளோ நிரம்பியிருந்தன. ‘இன்னாரோடு பேசினாள்’ என்றனர் சிலர். ‘தேர்வில் தவறினாள்’ என்றனர் சிலர். கால் வழுக்கியது என்பாரும் இருந்தனர். அக்கதைகளுள் ஒன்றனை யாமும் கேட்டு, இன்னும் இருவர்க்குக் கூறினோம். அஃது உண்மையா என்று அன்று எண்ணவுமில்லை, இன்றும் அறியோம். அவள் தாய் அதன்பின் எம் தெருவழியே பால் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். வெலோனியின் கதை கண்ட இரவில் எம் நினைவிற்கு வந்தது அவ்வெறும் இருக்கையே. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் கட்டளையை ஞாயிறுதோறும் ஓதிய நாவே அக்கதையையும் ஓதியது. கொலை செய்தார் ஒருவராயினும், இறந்தவளை மீண்டும் இழிவுபடுத்துவார் பலர். அப்பலருள் யாமும் ஒருவரானோம்.

முன்னர்க் கூறுவாம் என்ற தொடர்பு இதுவே. எவனும் தன்னைக் குற்றமற்றவன் என எண்ணலாகாது என்பது லுத்தர் மரபின் அடிப்படைப் படிப்பினை. வடபுலத் துப்பறிவோரும் அம்மரபில் வளர்ந்த நாட்டினரே. அவர் தம்மை நீதிமானாகக் கருதிப் பிறரைச் சுட்டுபவரல்லர். தம் குறையை அறிந்தே பிறர் குற்றத்தை ஆராய்பவர். திருமறையில் முதற்கொலை நிகழ்ந்தபோது ஆண்டவர் காயீனிடம் முதற்கண் கேட்டது அவன் தம்பியைப் பற்றிய கேள்வியேயன்றோ? அக்கேள்வியையே இந்நாடகங்கள் மீண்டும் மீண்டும் நம்மை நோக்கிக் கேட்கின்றன.

நம் இளங்கோவடிகளும் இதனை அறிவார். பாண்டியன் செய்த பிழை யாது? ஆராயாது தீர்ப்பளித்தமையே. அவ்வழக்கில் மன்னன் செய்யத் தவறிய துப்பை, கணவனை இழந்த பெண்ணே செய்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து எனக் கண்கூடாக உடைத்துக் காட்டிய கண்ணகியைத் தமிழின் முதல் துப்பறிவோள் என்றல் மிகையன்று. உண்மை வெளிப்பட்டபின் பாண்டியன் துயரால் உயிர்நீத்தான். தன் பிழையை உணர்ந்து வருந்தி இறந்தமையால் அவன் நம் இரக்கத்தைப் பெறுகின்றான். நீதியும் துயரமும் ஓருடலின் இரு கண்கள் என்பது நமக்குப் பழைய பாடம்.

இனி, இந்நாடகங்களின் குறைகளையும் மறைத்தலாகாது. முதலாவது, அவற்றிற் கொலையுண்பவர் பெரும்பாலும் இளம்பெண்களே. பெண்ணின் சடலத்தை அழகுறக் காட்டித் தொடங்கும் வழக்கம் வெறுக்கத்தக்கது. இறந்தவளின் வாழ்வைக் காட்டாது உடலை மட்டும் காட்டும் தொடரை, எத்துணைப் புகழ் பெற்றதாயினும், யாம் புறக்கணிப்போம். இரண்டாவது, துயரால் நிலைகுலைந்த துப்பறிவோன் சட்டத்தை மீறிக் கைதியை அடிக்கும்போது நம் மனம் அவன் பக்கம் சாய்கின்றது. இது பேரிடர். 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சாத்தான்குளத்தில் வணிகராகிய தந்தையும் மகனும் காவலில் அடியுண்டு இறந்ததனை நாம் மறத்தல் கூடுமோ? அங்கே நாம் போற்றத்தக்கவர் எவர்? அன்றிரவு நிலையத்திற் பணியிலிருந்து, தாம் கண்டதை அஞ்சாது நீதித்துறை நடுவரிடம் எடுத்துரைத்த பெண் தலைமைக் காவலரே. அடித்து உண்மை வாங்குபவனினும், கண்டதைச் சொல்லுதற்குத் துணிபவளே உண்மையான துப்பறிவோள்.

மூன்றாவது குறை நாடகத்தினது அன்று, நம்முடையது. ‘தி கில்லிங்’ முதன்முதல் ஒளிபரப்பான 2007இல், டென்மார்க்கு மக்கள் ஞாயிறுதோறும் ஒரு பகுதியே கண்டனர். ஆண்டின் தொடக்கத்திற் பத்துப் பகுதி. எஞ்சிய பத்திற்கு இலையுதிர் காலம்வரை காத்திருந்தனர். நான்னாவின் பெற்றோர் துயரம் அவர் உள்ளத்திற் பல திங்கள் தங்கியது. நாமோ எட்டுப் பகுதியையும் ஓரிரவில் விழுங்கி, விடியலில் கண்சிவந்து வகுப்பறையில் உறங்குகின்றோம். மறுநாள் வேறு சடலம், வேறு ஊர். இங்ஙனம் காண்பது பெரியப்பா கடிந்த செய்தித்தாட் கொலையினும் கீழானது. துயரத்தை மெல்ல உண்ணாதவனுக்கு அது பசியைத் தணிக்கும் தின்பண்டமாகி விடும். ஆதலின் வாரத்திற்கு ஒரு பகுதியே காண்பதென்று யாமும் விடுதித் தோழியர் இருவரும் உறுதிசெய்துகொண்டோம். இருமுறை தவறினோம், ஆயினும் விடவில்லை.

பெரியப்பாவுக்கு யாம் கூறும் விடை இதுவாகும். செய்தித்தாள் ஒரு கொலையை நான்கு வரியில் முடித்து, அடுத்த பக்கத்திற்கு நம்மை அனுப்புகின்றது. ஊரார் வாய் அதனைப் பத்துக் கதையாக்கிப் பரப்புகின்றது. நல்ல துப்பு நாடகமோ, அவ்வொருத்தியின் பொருட்டு நம்மை அமர்த்தி, அவள் யார், அவளை இழந்தவர் யார், நாம் அவளுக்கு என் செய்தோம் என்று எண்ணச் செய்கின்றது. இத்துணையும் செய்யாத நாடகமாயின் அவர் கூற்றே மெய். அதனைக் கைவிடுதலே நன்று.

சாரா லுண்டு அலைந்து திரிந்த கதை நிகழும் நவம்பர் திங்களை ஒட்டியே நம் நாட்டிற் கார்த்திகை பிறக்கின்றது. அப்போது 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் விளக்கை எம்மூர் மாடியினின்றும் காணலாம். சில நாள் கழித்து, திருவருகைக் காலத்தில், சுவீடன் நாட்டார் தம் சாளரங்களில் விளக்கு வைப்பர். எம் ஆலயத்திலும் மெழுகுதிரி ஏற்றப்படும். சமயம் வேறாயினும், இருள் மிகுந்த பருவத்திலேயே மக்கள் விளக்கை நாடுகின்றனர் என்பது ஒன்றே. இருட் கதைகளைக் காண்போமாயின் விளக்குத் தேடுவார்போலக் காண்போமாக. வரும் விடுமுறையில், பால் கொண்டுவருவதை நிறுத்திய அத்தாயின் இல்லத்திற்குச் சென்று, அவர் மகளைப் பற்றி அவர் வாயாலேயே கேட்பதென்று யாம் எண்ணியுள்ளோம். துணிவை ஆண்டவர் அருள்வாராக.